இடப்பக்க இருக்கையை மூடும் நாள்

அத்தியாயம் 14

காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கிளெமென்ட் பெபிங்டன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கார் எங்கும் புறப்படவில்லை. வீட்டு முற்றத்தில், சரளைக் கற்களின் மேல், இன்ஜின் அணைந்து நின்றுகொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருந்ததும் ஓட்டுகிற இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில், இடப்பக்கம்.

மடியில் டீ பிளாஸ்க். தலையில் தட்டைத் தொப்பி. 'யார் வந்து என்னை இறக்குகிறார்கள், பார்த்துவிடுகிறேன்' என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"அப்பா, இறங்குங்க. எனக்கு வேலை இருக்கு" என்றாள் ஹெஸ்டர்.

"எனக்கும் இருக்கு. உக்காந்திருக்கேன்ல, அதான் வேலை."

போன வாரம் பிக்கிள் என்கிற அந்த நாய் செய்த திருப்பணியை யாரும் மறந்திருக்க முடியாது. இந்தப் பச்சை எம்.ஜி. காரின் இருக்கைகளுக்கு மேலே விரித்து மூடுகிற பழைய ரெக்ஸின் கவரை அது கடித்துக் குதறிக் கந்தலாக்கியது. கந்தலின் மேல் நின்றுகொண்டுதான் அப்பாவும் மகளும், பந்தயக் காரில் யார் உட்காருவது என்று, அந்தப் பெரிய சண்டையைப் போட்டார்கள்.

நாளைக்கு பிராக்கன் மலைப் பந்தயம். கூரையில்லாத பழைய கார்கள் ஒவ்வொன்றாக மலைச் சாலையில் சீறிக்கொண்டு ஏறும். எத்தனையோ வருஷம் அந்தக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கிளெமென்ட். குளிர்காலத்தில் கண் டாக்டர், இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். "சரி, ஹெஸ்டர் ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்" என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

பந்தயம் நடத்துகிற கார் மன்றத்தின் விதி அந்த வழியை அடைத்தது. மலை ஏறுகிற காரில் ஒரே ஆள்தான் இருக்கலாம். காலி இருக்கை கவரால் மூடியிருக்க வேண்டும். ஒரு பொத்தான் குறைந்தாலும் கார் பந்தயத்தில் கிடையாது. அதைப் பார்த்து உறுதி செய்ய மன்றத்தின் மிஸ்டர் பியூ சாயங்காலம் வீட்டுக்கே வருகிறார்.

ஆக, இருக்கையை மூடினால்தான் ஹெஸ்டர் மலை ஏற முடியும். மூட வேண்டிய இருக்கையில் அப்பா இருக்கிறார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் கிளெமென்ட். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? ஹெஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், சமையலறை அடுப்பின் மேல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த புதுக் கவரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ரெக்ஸின் ஒரு ரோஷக்காரச் சாமான். குளிர்ந்தால் சுருங்கி முறைத்துக்கொள்ளும். சூடு காட்டினால் இளகி, சொன்ன பேச்சைக் கேட்கும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் மே மாதத்தை நம்பி வெயிலில் காயப்போட முடியாது. அதனால்தான் அடுப்பு.

புதுக் கவரில் ஒரு பொத்தான்கூட இருக்காது. காரின் உடம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கின்றன. கையால் வைத்தவை என்பதால் காருக்குக் கார் ஒரு விரலாவது தள்ளித்தான் இருக்கும். எனவே வாங்கியவரே கவரைத் தன் காரின் மேல் விரித்து, இழுத்து, குமிழுக்கு நேரே ஓட்டை போட்டு, அதில் பொத்தானின் மூடியை வைத்து அறைய வேண்டும். தப்பாகப் போட்ட ஓட்டைக்கு மன்னிப்பு கிடையாது.

ஹெஸ்டர் கவரை விரித்தாள். நடுவில் ஓடுகிற ஜிப் இரண்டு இருக்கைகளுக்கும் சரிபாதியில் விழும்படி பார்த்துக்கொண்டாள். இடப்பாதியை மட்டும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மடித்துவிட்டாள்.

பின்னால் நடுவில் இருந்த குமிழின் தலையில் சாக்பீஸைத் தேய்த்து, கவரை அதன் மேல் அழுத்தினாள். உள்பக்கம் வெள்ளைப் பொட்டு விழுந்தது. பொட்டின் மேல் குத்தூசியை வைத்து ஒரே போடு. மூடியை மாட்டி அறைந்து, குமிழில் வைத்து அழுத்தினாள். 'டப்'.

"மூலைல இருந்து ஆரம்பி" என்றார் கிளெமென்ட், நேராகப் பார்த்தபடி.

"நடுவுல இருந்துதான்ப்பா ஆரம்பிக்கணும். பின்னால நடு, முன்னால நடு, அப்புறம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஓரத்துக்குப் போகணும்."

"பழைய கவரை நான் மூலைல இருந்துதான் போட்டேன்."

"அதனாலதான் அது ஒரு பக்கம் தொப்பை விழுந்து கெடந்துச்சு. பெய்ஞ்ச மழையெல்லாம் அந்தக் குழில தேங்கி, என் சின்ன வயசு பூரா ஈர சீட்டுலதான் உக்காந்தேன்."

"அது வேணும்னே வெச்ச குழி."

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாற்பதைத் தாண்டியவள் அவள். இந்தக் காரை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள்; ஒரு தடவைகூடத் தன் கண்ணால் ஓட்டியதில்லை. இடப்பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். 'இப்ப பிரேக். இப்ப கியர். இப்ப இல்ல, இப்ப!' அந்தக் குரலுக்கு அவள் கையும் காலும் வேலைக்காரர்கள் மாதிரி ஓடும். நாளைக்கு ஒரே ஒரு தடவை, வளைவு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை அவளே பார்த்து அவளே தீர்மானிக்க வேண்டும். ஜெயிக்கிறாளா தோற்கிறாளா என்பதெல்லாம் அப்புறம். அவளுக்கு வேண்டியது அதுதான்.

வலப்பாதி முடியும்போது தூறல் ஆரம்பித்தது.

சமையலறை ஜன்னல் திறந்தது. அம்மா மியூரியலின் தலை வெளியே வந்தது. "கிளெம், குடை கொண்டு வரட்டுமா?"

"திறந்த கார்ல குடையா! ஊர்ல எவனாவது பாத்தா சிரிப்பான்."

கூரையில்லாத கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வைராக்கியம். மழைக்குப் பயந்து கூரைத் துணியை இழுத்துப் போடுவது மானக்கேடு. வேகமாக ஓட்டினால் மழை தலைக்கு மேலே போய்விடும் என்பார்கள். நிற்கிற காரில் அந்தச் சமாதானமும் செல்லாது. கிளெமென்டின் தொப்பி ஓரத்திலிருந்து நீர் சொட்டியது.

ஓட்டுகிற இருக்கை கவருக்குக் கீழே சுகமாக, உலர்ந்து இருந்தது. அவருடைய இருக்கையில் சிவப்புத் தோல் நனைந்து கறுக்க ஆரம்பித்தது. அந்தத் தோலுக்கு வருஷா வருஷம் மெழுகு தேய்ப்பவர் அவர். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் மெழுகு தேய்க்கும் நாளை மறந்ததில்லை.

கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு கையைப் பின்னால் விட்டு, மடித்திருந்த இடப்பாதிக் கவரைத் தானே இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். கழுத்து வரைக்கும். கறுப்பு ரெக்ஸினுக்கு மேலே தொப்பியும் மூக்கும் மட்டும் தெரிந்தன, பாத்தியில் முளைத்த முட்டைக்கோஸ் மாதிரி.

"சீட்டு நனையுது. அதுக்காகத்தான்" என்றார்.

"ரொம்ப நல்லது. அப்படியே இருங்க" என்றாள் ஹெஸ்டர். "இப்படியே அளவெடுத்து ஓட்டை போட்டுடறேன். உங்க முழங்காலுக்கும் வயித்துக்கும் தைச்ச கவரா இருக்கட்டும்."

"போடு."

"போட்டா திருப்பி எடுக்க முடியாது. ஆள் இல்லாம கவர் தொங்கும். பியூ பாத்த உடனே தள்ளிடுவார்."

"அதான் போடுங்கறேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளையாட்டுப் பிடிவாதம் இல்லை இது. நாளைக்கு அவள் மலை ஏறாமல் போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அப்பா வந்துவிட்டார். ஹெஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கதவோரத்துக் குமிழில் சாக்பீஸைத் தேய்த்தாள். கவரை அழுத்தினாள். அப்பாவின் முழங்கால் மேட்டிலிருந்து சரிந்து வந்த ரெக்ஸினில், குத்தூசியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

"ஹெஸ்டி, அதைக் கீழ வை."

மியூரியல் முற்றத்துக்கு வந்திருந்தாள். கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெந்நீர்ப் பைகள். மழைக்கு ஒரு துண்டுகூடத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கதை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"கிளெம், நீங்க மலை ஏறின வருஷமெல்லாம் நான் எங்க இருந்தேன்?"

"எங்கன்னா? கீழதான். ஆட்டுப்பட்டி வளைவுகிட்ட."

"ஏன் அங்க இருந்தேன்?"

"ஏன்னா... சீட்டை மூடணும்ல. விதி அது."

"யாரு மூடினா?"

கிளெமென்ட் கவரைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"நீங்கதான் மூடினீங்க. வீட்டுல இருந்து போறப்போ இந்த சீட்டுல நான் இருப்பேன். அங்க போனதும் 'மியூரியல், இறங்கு'ம்பீங்க. இறங்குவேன். என் சூடு ஆறறதுக்குள்ள கவரை இழுத்து டப்பு டப்புனு பட்டன் போடுவீங்க. அந்தச் சத்தம் இன்னமும் என் காதுல இருக்கு. ஒரு வருஷமாவது, ஒரே ஒரு வருஷமாவது, 'இறங்க மாட்டேன்'னு நான் உக்காந்திருக்கேனா?"

"அது வேற, மியூரியல்."

"என்ன வேற?"

"அப்ப நான் ஓட்டினேன்."

"இப்ப அவ ஓட்டுறா."

தூறல் ரெக்ஸினின் மேல் படபடவென்று விழுந்தது. பிக்கிள்கூடக் குரைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கு" என்றார் கிளெமென்ட். கவருக்கு மேலே இருந்த அந்த முகம் திடீரென்று மிகவும் கிழடாகத் தெரிந்தது. "அந்த ஆட்டுப்பட்டி வளைவுல அவ லேட்டா பிரேக் போடுவா. எப்பவும் லேட்டாதான் போடுவா."

"எனக்கும் பயமா இருந்துச்சு. வருஷா வருஷம். நீங்க கழட்டிக் குடுத்த கோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வேண்டாம்னு சொன்னேனா?"

"அது மட்டும் இல்ல." அவர் குரல் கவருக்குள்ளேயே போய்விட்டது. "ஸ்டீயரிங்தான் போச்சு. இந்த சீட்டையும் மூடிட்டா, இந்தக் கார்ல எனக்கு எடமே இல்ல."

ஹெஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்தாள்.  அப்பாவின் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"நாளைக்கு ஒரு நாள்தான்ப்பா. மலை ஏறிட்டு வந்ததும் நானே பட்டனைப் பிரிச்சு, உங்களை ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வருவேன். ஆனா ஏறும்போது நான் தனியாதான் ஏறுவேன். இதுல மாத்தம் இல்ல."

கிளெமென்ட் தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறினார். பிறகு கவரை மெல்ல விலக்கினார்.

இறங்குவதும் லேசான காரியமாக இல்லை. காலையிலிருந்து மடங்கியே இருந்த முழங்கால்கள் நிமிர மறுத்தன. அம்மா ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்து இழுக்க, பிளாஸ்க் உருண்டு சரளையில் விழ, ஒருவழியாக வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் போய், வீட்டுக் கூரை ஓரத்தில் நின்று ரோஜாச் செடியை உற்றுப் பார்த்தார். அந்தச் செடியின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

பெண்கள் இருவரும் வேலையில் இறங்கினார்கள். இருக்கையைத் துடைத்தார்கள். இடப்பாதியை விரித்தார்கள். மியூரியல் வெந்நீர்ப் பைகளைக் கவரின் மேல் வைத்து வைத்து நகர்த்த, ஹெஸ்டர் இளகிய இடமாகப் பார்த்து இழுத்து, பொட்டு வைத்து, குத்தி, அறைந்தாள். 'டப்'. 'டப்'. நடுவிலிருந்து ஓரத்துக்கு.

கடைசிக் குமிழ் முரண்டு பிடித்தது. கதவுக்கு முன்னால் இருக்கிற மூலை. எவ்வளவு இழுத்தாலும் கவர் அரை விரல் குறைந்தது. அம்மா இழுத்துப் பிடித்தால் பொட்டு வைக்க ஹெஸ்டருக்குக் கை போதவில்லை. ஹெஸ்டர் இழுத்தால் அம்மாவின் பிடி வழுக்கியது. வெந்நீர்ப் பையும் ஆறிவிட்டது.

"தள்ளு" என்று ஒரு குரல்.

கிளெமென்ட் வந்து நின்றார். கவரின் ஓரத்தை இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்துப் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் போட்டு இழுத்தார். கட்டைவிரலால் ரெக்ஸினின் மேல் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க இருக்கு. சாக்பீஸ் வேண்டாம். என் விரலை ஒட்டிக் குத்து."

"விரலை எடுங்கப்பா. பட்டுடும்."

"எடுத்தா கவர் நழுவிடும். அடி."

"பட்டுச்சுன்னா?"

"படாது" என்றார் கிளெமென்ட். "நீதானே அடிக்கிறே."

ஹெஸ்டர் அவரைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குத்தூசியை அவருடைய நகத்தை ஒட்டி வைத்தாள்.  எப்போது அடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவளே தீர்மானித்து அடித்தாள்.

மூடியை மாட்டி அறைந்ததும், குமிழில் வைத்து அழுத்தியவர் அவர்தான்.

கவர் தம்பட்டத் தோலாக விறைத்து நின்றது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குழி இல்லை. மழைநீர் நிற்க இடம் தெரியாமல் வழிந்து ஓடியது.

"என் கவர்ல குழி இருந்துச்சு" என்று முணுமுணுத்தார் கிளெமென்ட்.

"வேணும்னே வெச்சது" என்றாள் ஹெஸ்டர். அவர் சிரித்துவிட்டார்.

சொன்னபடி நாலு மணிக்கு மிஸ்டர் பியூ வந்தார். ஆள் குள்ளம், மழைக்கோட்டு நீளம். இந்தப் பக்கத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் பற்றி எல்லாம் தெரிந்தவர், எதையும் வெளியே சொல்லாதவர் என்று பெயர். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு பொத்தானையும் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

"யார் போட்டது?"

"நான்" என்றாள் ஹெஸ்டர்.

"நான் பாத்த எம்.ஜி.லயே நல்ல கவர் இது. ஹெஸ்டர் பெபிங்டன், ஒரு கார், ஒரு டிரைவர்." பேனாவை எடுத்தார்.

"ரெண்டு" என்றாள் மியூரியல்.

ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது மன்றத்தில் வழக்கம்தான். அண்ணன் இறங்கித் தம்பி ஏறுவான், கணவர் இறங்கி மனைவி ஏறுவாள். அதனால் பியூ ஆச்சரியப்படவில்லை. கிளெமென்டைத்தான் பார்த்தார். கிளெமென்ட் கையை விரித்தார். "என்னைப் பாக்காதே. எனக்குத்தான் கண்ணு இல்லைனுட்டாங்களே."

"மியூரியல் பெபிங்டன்னு எழுதுங்க" என்றாள் மியூரியல், ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தபடி.

"அம்மா!"

"மியூரியல், உனக்குப் பைத்தியமா?" கிளெமென்டின் குரல் கீச்சென்று ஏறியது. "மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுறதும் இதுவும் ஒண்ணா? இந்த வண்டியை நீ தொட்டதே இல்லையே!"

மியூரியல் ஏப்ரனை மடித்து ஹெஸ்டரின் கையில் கொடுத்தாள். காரின் வலப்பக்கத்துப் பொத்தான்களை மட்டும் வரிசையாகப் பிரித்தாள். ஜிப்பை இழுத்து அந்தப் பாதிக் கவரைச் சுருட்டி வைத்தாள். இடப்பாதி மூடியபடியே இருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு, தன் உயரத்துக்கு அதை முன்னால் நகர்த்திக்கொண்டாள். தேடவில்லை, கை நேராகப் போனது.

"பாலம் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்றாள்.

இன்ஜின் உறுமியது. பச்சை எம்.ஜி. வாசலைத் தாண்டிச் சந்துக்குள் இறங்கி மறைந்தது.

"பாலத்து வளைவுல முதல் கியருக்கு இறக்கியாகணும்" என்றார் கிளெமென்ட், வாசலைப் பார்த்துப் பதறியபடி. "கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு, நடுவுல ஆக்சிலேட்டரைத் தட்டணும். இல்லேன்னா கியர் பல்லெல்லாம் உடைஞ்சுடும். எனக்கே அது படிய ஒரு வருஷம் ஆச்சு. இப்ப கேளு, கரகரன்னு கத்தப்போகுது..."

கண் மங்கிய பிறகு அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டார். ஹெஸ்டரும் கேட்டாள்.

தூரத்தில் இன்ஜின் சத்தம் தணிந்தது. ஒரு சின்னச் சீறல். ஒரு மூச்சு அமைதி. பிறகு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, முதல் கியர் விழுந்து கார் வளைவை விட்டு வெளியே பாய்ந்தது. ஒரு கரகரப்பும் இல்லை.

கிளெமென்ட் சாய்த்த தலையை நிமிர்த்தினார்.

"இது புதுக் கை இல்ல" என்றார் மெதுவாக. "வருஷக்கணக்கா ஓட்டின கை. ஹெஸ்டி... உங்கம்மாவுக்கு யாரு கத்துக்குடுத்தா?"

ஹெஸ்டருக்கு எப்படித் தெரியும்? அவள் திரும்பிப் பார்த்தாள்.

இந்த வீட்டில் இரண்டு துண்டு கேக் சாப்பிடாமல் வாசல் தாண்டியறியாத மிஸ்டர் பியூ, பையை அவசரமாக மூடிக்கொண்டிருந்தார். காது நுனி வரைக்கும் முகம் சிவந்திருந்தது.

"டீ வேண்டாம், ஹெஸ்டர். எனக்கு நேரமாச்சு" என்றார்.

டீ தருவதாக யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.